சாவு வீட்டுப் பாட்டுக்காரி

1999-ஆம் வருடம். தென்னாப்பிரிக்காவில், டர்பன் நகரத்து இந்தியர்கள் நிறைய வாழ்கிற சாட்ஸ்வொர்த்தில், ஐந்தாம் யூனிட்டில் ஒரு சாவு வீடு. ராத்திரி ஒன்பது மணி இருக்கும். ரோட்டோரம் டென்ட் அடித்து பிளாஸ்டிக் நாற்காலிகள் போட்டிருந்தார்கள். நான் நோட்டை விரித்து வைத்துக்கொண்டு பாடினேன். இயேசுவைப் பார்த்து 'நீரே வழி' என்று சொல்கிற இடம் அந்தப் பாட்டில் நாலு தடவை வரும். நாலு தடவையும் கண்ணை மூடி, உருகிப் பாடினேன்.

ஜெபம் முடிந்து டீ கொடுத்துக்கொண்டிருந்தபோது ஒரு தாத்தா கைத்தடியை ஊன்றி வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தார். இறந்துபோனவரின் அண்ணன். நெற்றி நிறையத் திருநீறு. "குரல் நல்லா இருக்கும்மா" என்றார். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "அது வலி இல்ல கண்ணு, வழி. வலின்னா நோவு. என் தம்பி பொண்டாட்டிக்கு இன்னைக்கு அது ஏற்கெனவே இருக்கு" என்றார்.

அவர் திட்டவில்லை. மெதுவாகத்தான் சொன்னார். ஆனாலும் வீட்டுக்குப் போகும் வரை எனக்குக் கண்ணீர் நிற்கவில்லை. புருஷனைப் பறிகொடுத்தவள் முன்னால் நின்று கடவுளைப் பார்த்து "நீரே வலி" என்று நாலு தடவை பாடியிருக்கிறேன். அதற்கு முன்னால் எத்தனை வீட்டில் அப்படிப் பாடினேனோ, கணக்கே இல்லை.

அந்த நோட்டில் என்ன இருந்தது என்று சொல்ல வேண்டும். டர்பனில் என் வயதுக்காரர்கள் பலரும் தமிழ்ப் பாட்டை ஆங்கில எழுத்தில் எழுதி வைத்துத்தான் பாடுகிறோம். வி, ஏ, எல், ஐ. இந்த நாலு எழுத்துத்தான் வழிக்கும், வலிக்கும். எங்கள் பாட்டியை ஆயா என்போம், அவர் வாயில் அது 'வயி' என்று வரும். பழத்தைப் 'பயம்' என்பார். அவருடைய பெரியவர்கள் வட ஆற்காட்டிலிருந்து கரும்புத் தோட்டத்துக்கு ஒப்பந்தக் கூலிகளாக வந்தவர்கள். முதல் கப்பலான ட்ரூரோ சென்னையிலிருந்து டர்பன் துறைக்கு வந்து சேர்ந்தது 1860 நவம்பர் 16. அதிலிருந்து 1911 வரைக்கும் 1,52,184 பேர் இந்தியாவிலிருந்து வந்து இறங்கினார்கள். ஆயா சொன்ன 'வயி'யும் நோட்டில் இருந்த நாலு எழுத்தும் ஒரே சொல்தான் என்று எனக்குத் தோன்றவே இல்லை.

நான் பிறந்தது 1967-இல், சாட்ஸ்வொர்த்தில். அதற்கு முன்னால் எங்கள் குடும்பம் மேகசின் பேரக்ஸில் இருந்தது. டர்பன் மாநகராட்சியில் வேலை பார்த்த தமிழ், தெலுங்குக் குடும்பங்கள் நெருக்கியடித்து வாழ்ந்த இடம் அது. எந்த இனத்தார் எங்கே குடியிருக்கலாம் என்று பிரித்த குழுப் பகுதிச் சட்டம் 1950-இல் வந்தது; அறுபதுகளில் எங்கள் ஆட்களைச் சாட்ஸ்வொர்த்துக்கு ஏற்றி அனுப்பினார்கள். பேரக்ஸில் சாயங்காலமானால் கோயில் பஜனையும் கிறிஸ்தவக் கீர்த்தனையும் அடுத்தடுத்த வாசலில் கேட்கும் என்று ஆயா சொல்வார். 1931-இல் பீட்டர்மரிட்ஸ்பர்க்கில் பாஸ்டர் ஜே. எஃப். ரோலண்ட்ஸ் தொடங்கிய பெத்தஸ்தா என்ற கிறிஸ்தவ ஊழியம் இந்தியர்கள் நடுவே வேகமாகப் பரவிய காலம் அது. ஆயா ஒரு டென்ட் கூட்டத்துக்குப் போய் மனம் மாறினார். அவருடைய தம்பி கடைசி வரைக்கும் தைப்பூசத்துக்குக் காவடி எடுத்தார். எங்கள் வீட்டில் ரெண்டும் உண்டு. நான் பாடப் போகிற வீடுகளிலும் பெரும்பாலும் அப்படித்தான்.

நான் படித்த பள்ளியில் தமிழ் சொல்லிக் கொடுக்கவில்லை. வீட்டில் ஆயாவைத் தவிர எல்லாருக்கும் ஆங்கிலம். 'கிறிஸ்துவின் பாடுகள்' என்றால் கிறிஸ்து பாடிய பாட்டுகள் என்றே இருபது வருடம் நம்பியிருந்தேன். அவர் பட்ட துன்பம் என்று தெரியாமலே ஒவ்வொரு பெரிய வெள்ளிக்கிழமையும் பாடியிருக்கிறேன்.

அந்தத் தாத்தா திருத்திய அடுத்த மாதமே தமிழ் எழுத்துப் படிக்கப் போனேன். அப்போது எனக்கு முப்பத்திரண்டு வயது. சனிக்கிழமை மத்தியானம் ஒரு கோயில் கூடத்தில் வகுப்பு நடக்கும். எட்டு வயது, ஒன்பது வயதுப் பிள்ளைகளோடு பெஞ்சில் உட்கார்ந்தேன். நான் எந்தச் சபை, எதற்காகப் படிக்கிறேன் என்று வாத்தியார் கேட்கவே இல்லை. "பாடறவங்களுக்கு மூணு எழுத்து மொதல்ல" என்று சொல்லி, ல, ள, ழ மூன்றையும் முதல் நாளே பலகையில் எழுதிவிட்டார்.

அவர் சொல்லிக் கொடுத்ததை அப்படியே இங்கே எழுதுகிறேன். ல சொல்லும்போது நாக்கு நுனி மேல்பல்லுக்குப் பின்னால் தொடும். ள சொல்லும்போது நுனி பின்னால் வளைந்து அண்ணத்தைத் தொடும். ழ சொல்லும்போதும் அதே மாதிரி வளையும், ஆனால் எங்கேயும் தொடாது. நாக்கு காற்றில் நிற்கும். ஒரு கையில் சின்னக் கண்ணாடியைப் பிடித்துக்கொண்டு வலி, வளி, வழி என்று தினமும் சொல்லச் சொன்னார். ஆறு வாரம் சொன்னேன். அப்புறம் பலி, பழி. சிலுவைப் பாட்டில் இந்த ரெண்டும் மாறிப்போனால் அர்த்தமே புரண்டுவிடும். பிறகு கரை, கறை. 'என் கறையைக் கழுவும்' என்று கேட்கிற இடத்தில் கடற்கரையைக் கழுவச் சொல்லக் கூடாது.

எழுத்து பிடிபட்ட பிறகுதான் மூச்சு விடும் இடம் எவ்வளவு முக்கியம் என்று தெரிந்தது. தமிழில் சொற்கள் ஒட்டிக்கொண்டு வரும். ஆங்கில எழுத்தில் பாடுகிறவருக்கு ஒரு சொல் எங்கே முடிகிறது என்று தெரியாது, மூச்சு முட்டுகிற இடத்தில் நிறுத்திவிடுவார். 'தேவனில்லாமல்' என்ற சொல்லை நடுவில் உடைத்துப் பாருங்கள். 'தேவனில்லா' என்று நின்றுவிடும். கேட்கிற பெரியவர்களுக்கு எப்படி இருக்கும்? அதனால் நான் எந்தப் பாட்டையும் மூன்று தடவை எழுதுகிறேன். முதலில் தமிழ் எழுத்தில், சொல் சொல்லாகப் பிரித்து. ரெண்டாவது, ஒவ்வொரு சொல்லுக்குக் கீழேயும் ஆங்கில அர்த்தம். மூணாவது, மூச்சு எடுக்கிற இடத்தில் சிவப்புப் பேனாவால் ஒரு கோடு. மெட்டு கடைசியில்தான். என்னிடம் கற்றுக்கொள்ள வருகிற பிள்ளைகள் இதில்தான் அலுத்துப்போகிறார்கள். நான் விட்டுக்கொடுப்பதில்லை.

"டர்பன்ல யாருக்கு ஆன்ட்டி தமிழ் புரியுது? மெட்டு நல்லா இருந்தா போதும்" என்று ஒரு பையன் சொன்னான். சபையில் ஞாயிற்றுக்கிழமை கூடுகிறவர்களைப் பார்த்தால் அவன் சொல்வது சரி மாதிரித்தான் தெரியும். ஆனால் சாவு வீட்டில் முன்வரிசையில் யார் உட்கார்ந்திருக்கிறார்கள்? எண்பது வயது அத்தை, தொண்ணூறு வயது பெரியம்மா. இறந்தவரோடு சின்ன வயதில் தமிழ் பேசியவர்கள் அவர்கள்தான். ஒரு சொல் காதில் விழாதா என்று காத்திருப்பவர்களும் அவர்கள்தான். நாம் அவர்களுக்குத்தான் பாடுகிறோம்.

மேடையில் பாடியிருக்கிறேன், லோட்டஸ் எஃப்எம் வானொலியில் என் பாட்டு போயிருக்கிறது, ஜோஹன்னஸ்பர்க்குக்குப் பக்கத்தில் லெனேசியா வரைக்கும் கூப்பிட்டிருக்கிறார்கள். ஆனாலும் எங்கள் பக்கத்தில் என்னைச் 'சாவு வீட்டுப் பாட்டுக்காரி' என்றுதான் அடையாளம் சொல்வார்கள். அதை நான் மரியாதையாக எடுத்துக்கொள்கிறேன். பாட்டைப் பற்றி எனக்குத் தெரிந்ததில் முக்கால்வாசி அந்த டென்ட்டுகளில் கற்றது.

எங்கள் ஊர் வழக்கத்தில் ஒருவர் இறந்தால் அடக்கம் வரைக்கும் ஒவ்வொரு ராத்திரியும் வீட்டில் ஜெபம் நடக்கும். முதல் ராத்திரி தாளக்கருவி வேண்டாம். டோலக், டாம்பரின் எல்லாம் காரிலேயே இருக்கட்டும். ஒரு கீபோர்டு போதும், அதுவும் மெல்ல. போனதும் பாடத் தொடங்காதீர்கள். வீட்டுக்குள் போய் யார் மூத்தவர் என்று கேட்டு அவர் பக்கத்தில் ஐந்து நிமிடம் உட்காருங்கள். "அவருக்குப் பிடிச்ச பாட்டு எது?" என்று கேளுங்கள். நான் தயார் பண்ணிக்கொண்டு போன பட்டியலைப் பாதி வீடுகளில் அங்கேயே தூக்கிப் போட்டிருக்கிறேன். குடும்பத்தில் பாதிப் பேர் சைவர்களாக இருந்தால், அவர்கள் தேவாரம் பாட விரும்புகிறார்களா என்றும் முதலிலேயே கேட்டுவிடுவேன். ஒரு பாஸ்டர் இதற்காக என்மேல் வருத்தப்பட்டார். எனக்கு அதில் சந்தேகமே இல்லை. தம்பியைப் பறிகொடுத்த அண்ணன் தன் பாட்டைப் பாடிவிட்டுத்தான் போகட்டும்.

அடக்கம் அன்று பெட்டியை வீட்டுக்குக் கொண்டுவந்து ஒரு மணி நேரமாவது வைப்பார்கள். பாடுகிறவருக்கு அதுதான் கஷ்டமான நேரம். மூடியைப் போடும்போது உச்சத்தில் பாடக் கூடாது. அழுகையும் அந்த உயரத்தில்தான் இருக்கும். உங்கள் குரல் அதோடு முட்டும். கீழே இறங்கி, ஒரே வரியைத் திரும்பத் திரும்பப் பாடுங்கள். தாய் கதறினால் நிறுத்திவிடுங்கள். நிறுத்துவது எனக்கு ரொம்ப நாள் வரவில்லை. நான் பாட வந்தவள், பாடி முடிக்க வேண்டும் என்றே இருந்தேன். மொபேனி ஹைட்ஸ் கல்லறையில் ஒரு பிள்ளையின் அடக்கத்தில், அந்தத் தகப்பன் என் கையைப் பிடித்து "கொஞ்சம் சும்மா இரும்மா" என்றார். அன்றைக்கு வந்தது.

சாவு வீட்டில் நான் பணம் வாங்குவதில்லை. கவரை நீட்டினால் இருகையாலும் திருப்பிக் கொடுத்துவிடுவேன். ஸ்டேஞ்சர், டோங்காட் என்று தூரமாக இருந்து அவர்களாகவே பெட்ரோலுக்குக் கொடுத்தால் வாங்குவேன். கல்யாணம், ஆண்டுவிழா, கச்சேரி என்றால் தொகையை முன்னாலேயே எழுத்தில் பேசிவிடுவேன். 'ஊழியம்தானே' என்று கூட்டிப்போய்ச் சவுண்ட் சிஸ்டக்காரருக்கும் பூ அலங்காரத்துக்கும் முழுப் பணம் கொடுத்து, பாடுகிற பெண்ணுக்கு ஒரு தட்டு பிரியாணி கட்டிக் கொடுத்து அனுப்புவது நடக்கிறது. அது நியாயமில்லை என்று வெளிப்படையாகவே சொல்கிறேன்.

இனி வேறு ஒரு பள்ளிக்கூடம். பதினெட்டு வயதில் ஜேக்கப்ஸ் பகுதியில் ஒரு துணித் தொழிற்சாலையில் ஓவர்லாக் மிஷினில் உட்கார்ந்தேன். டர்பனில் எங்கள் தலைமுறைப் பெண்களில் நிறையப் பேருக்கு அதுதான் வேலை. எனக்கு ரெண்டு பக்கமும் சூலு இன அக்காமார். டீ நேரத்தில் ஒருத்தர் ஒரு வரியை எடுப்பார். மற்றவர்கள் சொல்லி வைத்த மாதிரி மேலே, நடுவே, கீழே என்று குரலைப் பிரித்துக்கொள்வார்கள். கருவி கிடையாது. எங்கள் கீர்த்தனையில் எல்லாரும் ஒரே சுருதியில் ஒரே மெட்டைப் பாடுவோம். பல குரல் சேர்ந்து ஒரு பாட்டைத் தாங்குவதை அவர்களிடம்தான் கற்றேன். இன்றைக்கு மின்வெட்டில் மைக்கும் கீபோர்டும் நின்றாலும் எங்கள் குழு பாட்டை நிறுத்துவதில்லை. அந்தப் பழக்கம் அந்த டீ நேரத்திலிருந்து வந்தது.

ரெபேக்கா மலோப்பேயை எனக்குக் காட்டியதும் அந்த அக்காமார்தான். தென்னாப்பிரிக்க நற்செய்தி இசையின் ராணி என்று சொல்லப்படுகிறவர். 1986-இல் 'ஷெல் ரோட் டு ஃபேம்' பாட்டுப் போட்டியில் தோற்று, 1987-இல் மறுபடி போய் ஜெயித்தார். முதலில் பாப் பாட்டுப் பாடி, அதன் பிறகுதான் நற்செய்திப் பாட்டுக்கு வந்தார். 1994-இல் ஜாய்யஸ் செலிப்ரேஷன் குழு தொடங்கியதும் நற்செய்திப் பாட்டு இந்த நாட்டில் பெரிய மேடைக்கு ஏறிவிட்டது. அவர்களைப் பார்த்துவிட்டுத்தான் எனக்கும் ஒரு கேசட் போட வேண்டும் என்று ஆசை வந்தது.

1996-இல் போட்டேன். எட்டுப் பாட்டு, அதில் ரெண்டு நானே எழுதியவை. ஸ்டூடியோக்காரர் ஒரே ஒரு பக்கத் தாள் நீட்டினார், கையெழுத்துப் போட்டேன். ஐம்பது கேசட் எனக்குக் கிடைத்தது. ரெண்டு வருடம் கழித்துக் கடைகளில் அந்தக் கேசட் வேறு அட்டையோடு விற்றது. கேட்டபோது, ஒலிப்பதிவும் பாட்டும் ரெண்டும் அவருக்கே சொந்தம் என்று தாளைக் காட்டினார். அந்த ரெண்டு பாட்டில் ஒன்று ஆயா செத்த வாரம் எழுதியது. இப்போதும் அதை நினைத்தால் வயிறு எரிகிறது.

அதனால் இளம் பாடகர்களுக்கு இதைக் கொஞ்சம் விளக்கமாகவே சொல்கிறேன். ஒரு பாட்டில் ரெண்டு சொத்து இருக்கிறது. எழுதிய வரியும் மெட்டும் ஒன்று. பதிவு செய்த ஒலி இன்னொன்று. கையெழுத்துப் போடுமுன் இந்தத் தாள் எதை வாங்குகிறது, எத்தனை வருடத்துக்கு என்று கேளுங்கள். தாளை வீட்டுக்குக் கொண்டுபோகக் கூடாது என்று யாராவது சொன்னால் போடாதீர்கள். பாட்டு எழுதி முடித்த அன்றே, யார் வரி எழுதினார், யார் மெட்டுப் போட்டார், யாருக்கு எத்தனை சதவீதம் என்று ஒரு தாளில் எழுதி எல்லாரும் கையெழுத்துப் போட்டு வையுங்கள். சொந்தத் தம்பி கீபோர்டு வாசித்தாலும் எழுதுங்கள்.

பாட்டு எழுதினவர்களுக்கு வானொலியும் மேடையும் தரவேண்டிய தொகையை வசூலிப்பது சாம்ரோ, 1961-இல் தொடங்கிய சங்கம். சேர்ந்தால் மட்டும் போதாது, ஒவ்வொரு பாட்டையும் தனித்தனியாகப் பதிய வேண்டும். பதியாத பாட்டுக்குப் பணம் உங்களைத் தேடி வராது. பதிவில் பாடினவர்களுக்குரிய பங்குக்குச் சாம்ப்ரா என்ற சங்கம் தனி. தமிழ்ப் பெயரை ஒரே ஆங்கில எழுத்துக்கூட்டலில் எல்லா இடத்திலும் எழுதுங்கள். என் ஒரு பாட்டு மூன்று எழுத்துக்கூட்டலில் மூன்று பாட்டாகக் கிடந்தது.

அடுத்தவர் பாட்டு விஷயத்திலும் நாம் நேர்மையாக இருக்க வேண்டும். தமிழ்நாட்டில் இன்றைக்கு இருக்கிற பாடகர்களின் பாட்டை எடுத்து, இங்கே பதிவு செய்து, யூடியூபில் தன் பேர் போட்டு விடுகிறார்கள். தேவனுடைய பாட்டுக்கு உரிமை எதற்கு என்று கேட்கிறார்கள். எழுதினவருக்கும் பிள்ளைகள் உண்டு. தென்னாப்பிரிக்காவின் 1978-ஆம் வருடச் சட்டப்படி பாட்டு எழுதியவர் இறந்து 50 வருடம் வரைக்கும் உரிமை உண்டு. இந்தியாவில் 60 வருடம். தஞ்சாவூர் வேதநாயக சாஸ்திரியார் 1864-இல் காலமானவர், அவர் கீர்த்தனைகளைத் தாராளமாகப் பதிவு செய்யலாம். இருக்கிறவர்களிடம் எழுதிக் கேளுங்கள். நான் கேட்டு எழுதிய இருவரில் ஒருவர் அனுமதி தந்தார். மற்றவர் பதில் போடவில்லை, அந்தப் பாட்டை நான் பதிவு செய்யவில்லை.

குரலைப் பற்றிச் சுருக்கமாக. 2009-இல் குரல் கம்மிப்போய் ஒரு மாதம் திரும்பவில்லை. இஞ்சி, தேன், மிளகு எல்லாம் பார்த்தேன். காது மூக்குத் தொண்டை மருத்துவர் பார்த்துவிட்டு, குரல் நாண்களில் சின்னக் காய்ப்பு விழுந்திருக்கிறது என்றார். பாடினதால் மட்டும் இல்லை. மிஷின் சத்தத்துக்கு மேலே வருடக்கணக்காகக் கத்திப் பேசினதும் காரணம். ஆபரேஷன் இல்லாமலே, பேச்சுப் பயிற்சியாளரிடம் போய்ப் பல வாரத்தில் சரியானது. கிசுகிசுத்துப் பேசினால் ஓய்வு என்று நினைத்திருந்தேன். அதுவும் குரலுக்குச் சிரமம்தானாம். குரல் கம்மி மூன்று வாரம் தாண்டினால் வீட்டு வைத்தியத்தை விட்டு மருத்துவரிடம் போங்கள். அப்புறம், பதிவில் யார் பாடியிருக்கிறாரோ அவர் சுருதியிலேயே பாட வேண்டும் என்று ஒன்றும் இல்லை. தமிழ்நாட்டில் ஐந்து கட்டை என்பார்களே, அந்த ஜி-யில்தான் இருபது வருடம் பாடினேன். இப்போது நாலு கட்டை, எஃப். பாட்டுக்கு ஒரு குறைவும் வரவில்லை.

2020 மார்ச் 26 நள்ளிரவோடு நாடு முழுக்க ஊரடங்கு. அடக்கத்துக்கு ஐம்பது பேருக்கு மேல் கூடாது, ராத்திரி ஜெபம் கூடவே கூடாது என்று சட்டம் வந்தது. எங்கள் வழக்கத்தில் அந்த ராத்திரிகள் இல்லாமல் சாவு என்பதே கிடையாது. முதல் வாரமே என் கூட்டாளி ஒருத்தியின் அம்மா போய்விட்டார். அவள் போனில் அழுதுகொண்டு, "நீ வரமுடியாது, தெரியும். ஒரு பாட்டு மட்டும் அனுப்பேன்" என்றாள். சமையலறைக் கதவைச் சாத்திவிட்டு, கருவி எதுவும் இல்லாமல், வாட்ஸ்அப் வாய்ஸ் நோட்டில் பாடினேன். போனை வாயிலிருந்து ஒரு முழம் தள்ளிப் பிடித்து, மேசைமேல் ஒரு போர்வையை விரித்துப் பாடினால் எதிரொலி குறையும் என்று பிறகு கண்டுபிடித்தேன். அந்த வருடமும் அடுத்த வருடமும் நூற்றுக்கு மேல் அனுப்பியிருப்பேன். போனைப் பெட்டிமேல் வைத்து ஓடவிட்டதாகப் பல பேர் சொன்னார்கள். குரலும் சொல்லும் தவிர அதில் ஒன்றும் கிடையாது. சொல்லைச் சரியாகப் படித்ததற்காக அந்த வாத்தியாரையும், கைத்தடித் தாத்தாவையும் அப்போது எவ்வளவு தடவை நினைத்திருப்பேன்.

இப்போது செவ்வாய்க்கிழமை சாயங்காலம் என் வீட்டில் ஆறு பிள்ளைகள் வருகிறார்கள். நாலு பேர் கிறிஸ்தவர்கள். ரெண்டு பேர் திருப்புகழ் பாட ஆசைப்பட்டு வருகிறவர்கள். கண்ணாடி எல்லாரிடமும் இருக்கிறது. என் தங்கை பேத்திக்குப் பதினாலு வயது. போன வாரம் முதல் தடவை ஒரு முழுப் பாட்டைத் தமிழ் எழுத்தில் தானே எழுதிக் கொண்டுவந்தாள். ழகரத்துக்கு வால் மட்டும் தப்பான பக்கம் திரும்பியிருந்தது. திருத்திக் கொடுத்தேன்.

வருகிற சனிக்கிழமை வெருலத்தில் ஒரு தொண்ணூற்று மூன்று வயதுப் பாட்டிக்கு நாற்பதாம் நாள் ஜெபம். ரெண்டாவது சரணத்தை என் தங்கை பேத்திதான் பாடப் போகிறாள். பாட்டியின் தங்கைகள் மூன்று பேர் முன்வரிசையில் இருப்பார்கள், மூவருக்கும் தமிழ் நன்றாகத் தெரியும் என்று சொல்லியிருக்கிறேன். பயமாக இருக்கிறது என்றாள். சிவப்புப் பேனாவை எடுத்துக்கொண்டு வா, முதலில் மூச்சுக் கோட்டைப் போடுவோம் என்றேன்.